ஊசித் திகதி தவறினா ஆர் தேடி வாறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

எங்கட தம்பிக்கு 2010இல முகாமால வந்தாப்பிறகு தான் மனநோய் தொடங்கினது. முந்தி குளிசை, நாக்குக்குக் கீழ ஒளிச்சு வச்சிட்டு கிணத்தடியில போய் துப்புவான், வாயத் திறந்து காட்டடா எண்டு அம்மா ஒவ்வொரு நாளும் அழுது சண்டை. இப்ப 8 வருசமா புளூபெனசின் எண்ட மனநோய் மருந்து ஊசி, 4 கிழமைக்கு ஒருக்கா, சண்டை இல்ல, தோட்டத்துக்கும் போறான். மருந்து நல்லெண்ணெயில கரைச்சது, தடிப்பு, அதால நேர்ஸ் மெதுவாத்தான் ஏத்துவா, தேய்க்க வேண்டாம் எண்டுவா, கொப்பியில இடது வலது எண்டு மாறி மாறிக் குறிச்சிருக்கும். ஊசிக்கு ரெண்டு நிமிசம் காணும், ஆனா ஒட்டுசுட்டானுக்கு உள்ள இருந்து ரெண்டு பஸ் மாறி கிளினிக்குக்குப் போய்வர ஒரு நாள் போயிடும்.

2 வருசத்துக்கு முதல் மார்கழி மழையில குளம் வான் பாய்ஞ்சு றோட்டு மூடினதால திகதி தவறிட்டுது. பிறகும் போகேல்ல, ஏனெண்டா அவன் நல்லாத்தான் இருந்தான். இதத்தான் எல்லாரும் தெரிஞ்சு வச்சிருக்கோணும், ஊசி நிண்டாலும் உடம்பில உள்ள மருந்து கிழமைக்கணக்கா மெல்ல மெல்லத்தான் குறையும், உடன ஒண்டும் தெரியாது, நாங்களும் சுகம் வந்திட்டுது எண்டு சந்தோசப்பட்டம். மாசியில நித்திரை போச்சு, ராவில வேலிக்கரையில நிண்டு ஆரோடையோ கதைக்கிறான், கடைசியில வாட்டில 3 கிழமை. அவ்வளவு நாளும் கிளினிக்கில இருந்து ஒரு கோல் வரேல்ல, கொப்பியில என்ர நம்பரும் கிடக்கு அம்மான்ர நம்பரும் கிடக்கு. அங்க இருக்கிற சனத்துக்கு நேர்ஸ்மார் காணாது, அது எனக்கும் தெரியும். எண்டாலும் ஊசிக்காரருக்குத் தனிக் கொப்பி ஒண்டு போட்டு, ஒரு கிழமைக்குள்ள வராதவைக்கு கோல் எடுக்க ஒராள விடேலாதா? டொக்டர் எழுதித் தாற ஊசிய கிட்டடி ஆஸ்பத்திரியில போட விட்டா என்ன?

இன்னொண்டு, குழப்படி செய்தா ஊசி போடுவிப்பன் எண்டு வெருட்டிற ஆக்கள் வீட்டிலயும் இருக்கினம் வெளியிலயும் இருக்கினம், தயவுசெய்து அப்பிடிச் சொல்லாதேங்கோ. தம்பிக்கு ஊசியால கை விறைச்சு வீணீர் வடிஞ்சது, வெக்கத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்ல, ஒரு டொக்டர் தான் அவனையே இருத்திக் கேட்டு அளவக் குறைச்சு அந்த விறைப்புக்கு பென்செக்சோல் எண்ட குளிசையும் தந்தவர். அண்டையில இருந்து திகதிய அவனே கலண்டரில வட்டம் போட்டு வைக்கிறான்.

இந்த மழைக்கு முதல் ஏதாவது செய்யுங்கோ, குளம் இப்பவே முக்கால்வாசி நிறைஞ்சிட்டுது.

இப்படிக்கு,
ஒரு அக்கா,
முல்லைத்தீவு மாவட்டம்