கூட்ஸ் பெட்டி மேல இருக்குற எழுத்தை வெட்டாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பழைய அமெரிக்க கூட்ஸ் வண்டி படங்களை முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தீங்க. இந்த மாதிரி விஷயத்துக்கு இவ்ளோ இடம் குடுக்குறதே பெருசு, அதனால முதல்ல நன்றி. ஆனா அந்த கருப்பு வெள்ளைப் படத்துக்கு கம்ப்யூட்டர்ல கலர் அடிச்சு, கீழ "கலர் ஃபிலிம் வராத காலம்"னு ஒரு வரியும் சேர்த்தீங்க பாருங்க, அங்கதான் கடுப்பாயிடுச்சு. கோடாக்ரோம்னு ஒரு கலர் ஃபிலிம் 1935லயே வந்தாச்சு சார். ஜாக் டெலானோங்குற போட்டோகிராஃபர் 1942 டிசம்பர்ல சிகாகோ பக்கம் ப்ரோவைசோங்குற ரயில்வே யார்டுல அந்த ஃபிலிம்லயே எடுத்திருக்காரு, வரிசை வரிசையா பெட்டி, பின்னாடி புகை, எல்லாம் அசல் கலர். அரசாங்க வேலையா எடுத்ததுனால காப்பிரைட் தொல்லையும் இல்ல, அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துல யார் வேணா எடுத்துக்கலாம், காசு கிடையாது.

உங்க கம்ப்யூட்டர் எல்லா பெட்டிக்கும் ஒரே காவி கலரைப் பூசிடுச்சு. மூடு பெட்டி நிறைய அப்படித்தான் இருக்கும், ஒத்துக்குறேன். ஆனா பழம் ஏத்திட்டுப் போன பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸ் கம்பெனி பெட்டியோட பக்கவாட்டு அப்போ ஆரஞ்சு. கூரை ஓரத்துல இருக்குற மூடியைத் தூக்கி ஐஸை உள்ள தள்ளுவாங்க, ரெண்டு முனையிலயும் அதுக்குன்னே தனி அறை இருக்கும். அதையும் காவியாக்கினா எது ஐஸ் பெட்டி எது சாதா பெட்டின்னு படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

இதைவிடப் பெரிய வருத்தம், படத்தை மேலயும் கீழயும் வெட்டினது. பெட்டியோட பக்கவாட்டுல கம்பெனி எழுத்து, நம்பர், எவ்ளோ ஏத்தலாம், காலி எடை எவ்ளோ, எப்போ எடை போட்டாங்க, எந்த மாசம் எந்த வருஷம் கட்டினாங்கன்னு எல்லாமே எழுதியிருக்கும், இதுல நிறையது கீழ்ப்பகுதியில பொடி எழுத்துல இருக்கும். தேதி தெரியாத படம் கையில கெடைச்சா என்னை மாதிரி ரயில் பைத்தியங்க லென்ஸை வச்சு முதல்ல தேடுறதே அதைத்தான், 1940ல கட்டினதுன்னு ஒரு பெட்டியில இருந்தா படம் அதுக்கு முந்தி எடுத்ததா இருக்க முடியாதே. மேல வெட்டினதுல கூரை நடைபலகை போச்சு, அந்தக் காலத்துல பிரேக் போடுற ஆள் ஓடுற வண்டி மேல அதுலதான் நடந்து போவாரு, அமெரிக்காவுல 1966க்கு அப்புறம் கட்டின புது மூடு பெட்டிகள்ல அது கிடையாது. மொத்தத்துல காலத்தைச் சொல்ற ரெண்டையும் கத்தரிச்சுட்டு நடுவுல மிச்சம் இருந்த பலகையைப் போட்டிருக்கீங்க.

அதே இணைப்புல வந்த ஃபேக்டரி படத்துக்கும் இதே கதிதான், புகைபோக்கிக்குக் கீழ ஓடுற சைடிங் தண்டவாளம், அதாவது ஃபேக்டரிக்குன்னு பிரிஞ்சு வர்ற கிளைத் தண்டவாளம், போயிடுச்சு. சரக்கு எப்படி உள்ள வந்துச்சு எப்படி வெளிய போச்சுன்னு காட்டுறதே அதுதான்.

அடுத்த தடவை படத்தை முழுசா, எடுத்த வருஷம் இடத்தோட போடுங்க. இடம் பத்தலன்னா நாலு படத்துக்குப் பதிலா ஒரே படம் போதும், பக்கத்துல இருந்த அந்த அரைப்பக்க விளம்பரத்தைக் கொஞ்சம் சுருக்கினாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்