குவெர்னிகாவின் காளையும் நம் ஊர்க் காளையும்

மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் பிக்காசோ வரைந்த குவெர்னிகா ஓவியத்தின் அச்சுப் படியும் கிடைத்தன. இங்கே குறுவை நடவு முடிந்தது. கடைமடைக்குத் தண்ணீர் எட்டுமா என்ற கவலையைத் தவிர, வீட்டில் அனைவரும் நலம்.

அந்த ஓவியத்தில் காளை சர்வாதிகாரம், குதிரை மக்கள் என்று உங்கள் மாணவர்கள் எழுதியதை நான் முற்றிலும் மறுக்கவில்லை. குதிரை மக்களைக் குறிப்பதாகவும், காளை பாசிசம் அன்று, கொடூரமும் இருளுமே என்றும் பிக்காசோ ஒரு பேட்டியில் கூறியிருக்கிறார். காளை காளைதான் என்று நழுவியதும் உண்டு. குறியீட்டுக்குப் பொருள் எழுதுவதோடு நின்றால் ஓவியத்தில் பாதிதான் கைக்கு வரும்.

1937 ஏப்ரல் 26 அன்று ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள குவெர்னிகா என்ற சிற்றூரின்மீது குண்டு வீசின. ஆனால் ஏறத்தாழ எட்டு மீட்டர் அகலமுள்ள அந்த ஓவியத்துணியில் ஒரு விமானமும் இல்லை. கொன்றவன் முகமும் இல்லை. நான்கு பெண்கள், இறந்த குழந்தை, முறிந்த வாளுடன் சிதறிக் கிடக்கும் வீரன், இவர்கள்தாம் மனிதர்கள். பக்கவாட்டு முகத்தில் இரு கண்களும் தெரிவதையும் வீட்டின் உள்ளும் வெளியும் கலந்து கிடப்பதையும் ஒரே பொருளைப் பல கோணங்களில் ஒருசேரக் காட்டும் கியூபிசப் பாணி என்று மட்டும் கடந்துவிடலாகாது. கூரை பிளந்தபின் ஒரு குடும்பத்துக்கு அறை எது, தெரு எது என்ற வேறுபாடே அற்றுப்போவதை அந்தச் சிதைவுதான் சொல்கிறது. கருப்பு, வெள்ளை, சாம்பல் நிறங்களும், குதிரையின் உடலில் அச்செழுத்துபோல் நிரம்பிய சிறு கோடுகளும், பாரிஸிலிருந்த ஓவியர் அச்செய்தியை நாளிதழ் வழியே அறிந்ததை நினைவூட்டுகின்றன.

வலது ஓரத்தில், எரியும் வீட்டிலிருந்து கைகளை உயர்த்தி விழும் பெண்ணை என்னால் ஸ்பெயினோடு நிறுத்த முடியவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து மாண்ட மண் அல்லவா நம்முடையது? ஆயினும் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. அங்கே சாவு வானத்திலிருந்து வந்தது. இங்கே கூலி உயர்வு கேட்டவர்களைக் கொல்ல வந்தவர்கள், அவர்களுக்கு முகம் தெரிந்தவர்கள். முகத்தை மறைக்கும் உத்தி வெண்மணிக்குப் பொருந்தாது, பொய்யாகவும் முடியும்.

மாணவர்களில் யாரேனும் அதை வரைய முற்பட்டால், காளையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசிப் பொங்கல் ஊட்டும் நம் ஊரில், அது கொடுமையின் வடிவமாக யாருக்கும் தோன்றாது. அதற்கு ஈடாக எதை வைப்பது என்பதில் உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்