எங்கள் வீட்டுத் தட்டை நிற்கவிடாதவர்களுக்கு

அன்புள்ள எங்கள் அடுக்குமாடிப் புளோக் மக்களுக்கும், கோவில் குடும்பத்தாருக்கும், பிள்ளைகளின் நண்பர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்,

நேற்று மத்தியானம் என் கணவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். கஞ்சி குடித்தார், பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் பேசினார், இப்போது தூங்குகிறார். நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் தள்ளிப்போட மனம் ஒப்பவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வந்து நின்று சொல்லவேண்டியதை, இவரை விட்டு நகர முடியாததால் எழுதி அனுப்புகிறேன்.

உதவியவர்கள் நிறைய பேர். ஆனாலும் முதலில் சொல்லவேண்டியது எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கும், நாங்கள் மாக்சிக் (மலாயில் அத்தை, சித்தி போல) என்று கூப்பிடும் மலாய் அம்மாவைப் பற்றித்தான். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

எங்கள் மாடியில் இருப்பவர்களுக்குத் தெரியும், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டிலிருந்து அச்சு முறுக்குத் தட்டு போகும். என் மாமியார் தொடங்கிவைத்த பழக்கம். தீபாவளிக்கு எதிர்வீட்டு அக்கா முறுக்கும் அதிரசமும் அனுப்புவார், நோன்புப் பெருநாளுக்கு மாக்சிக் வீட்டிலிருந்து ரெண்டாங் என்னும் மலாய் இறைச்சிக் கறி வரும், சீனப் புத்தாண்டுக்கு மூலை வீட்டு அங்கிள் இரண்டு இரண்டாக ஆரஞ்சுப் பழம் தருவார். டிசம்பர் எங்கள் முறை.

இந்த வருஷம் தட்டு போகுமா போகாதா என்று நினைக்கக்கூட எனக்கு நேரமில்லை. மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் மாக்சிக் போன் செய்தார். எப்போதும் போல மலாயில்தான் பேசினார். சாப்பிட்டாயா என்றார், அவருக்கு எப்படி இருக்கிறது என்றார். அப்புறம், தங்கச்சி என்று மலாயில் கூப்பிட்டு, "அடிக், உங்கள் வீட்டு அச்சு எந்த அலமாரியில் இருக்கிறது?" என்று கேட்டார்.

எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

"எல்லா வருஷமும் உன் தட்டு வரும். இந்த வருஷமும் வரணும். நான் சுடுகிறேன், உன் பெயரில் போகட்டும்."

மலாய்க்காரர்கள் வீட்டிலும் இந்தப் பலகாரம் உண்டு. குவே ரோஸ் என்பார்கள். மாக்சிக்கிடம் சொந்தமாகப் பித்தளை அச்சு இருக்கிறது, கை அளவும் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டு அச்சுதான் வேண்டும், எங்கள் வீட்டு அளவுதான் வேண்டும் என்று நின்றார். மாமியார் வேளாங்கண்ணிக்குப் போனபோது வாங்கிவந்த இரும்பு அச்சு அது. மாவில் கருப்பு எள் போடுவதும் மாமியார் வழக்கம். வேறு அச்சில், எள் இல்லாமல் சுட்டால் அது உன் வீட்டு முறுக்கு ஆகாது என்றார் மாக்சிக். மகன் அச்சை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தான். மகள் கூடவே போய் அவர் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மாவு கரைத்த அன்று வீடியோவில் கூப்பிட்டார். நான் வார்டுக்கு வெளியே, லிப்ட் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அரிசி மாவு, கொஞ்சம் மைதா, முட்டை, சர்க்கரை, தேங்காய்ப்பால் எல்லாம் சேர்த்துக் கரைத்ததைக் கரண்டியில் அள்ளி ஊற்றிக் காட்டி, "இது போதுமா, இன்னும் பால் விடவா?" என்றார். இன்னும் கொஞ்சம் விடச் சொன்னேன். அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகக் காயணும், மாவில் முக்கால் பாகம்தான் முக்கணும், மேல்விளிம்பை மாவு மூடிவிட்டால் கழன்று வராது. இதெல்லாம் நான் சொல்லித்தானா அவருக்குத் தெரியவேண்டும்? ஆனாலும் ஒவ்வொன்றாகக் கேட்டார், நானும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதல் முறுக்கு அச்சிலேயே ஒட்டிக்கொண்டது. அடுத்தது லேசாக உதறியதும் முழுசாகக் கழன்று மிதந்தது. மகள் போட்ட சத்தம் லிப்ட் வரை கேட்டிருக்கும். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வார்டு மறந்துபோனது. எண்ணெயின் சூடும் தேங்காய்ப்பால் கணக்கும்தான் மனசில் இருந்தன.

ஒன்பதாம் மாடித் தமிழ்க் குடும்பம் முட்டை சேர்ப்பதில்லை. இருந்த பதற்றத்தில் எனக்கு அது தோன்றவில்லை, மாக்சிக்குக்குத் தோன்றியிருக்கிறது. முட்டையை உடைப்பதற்கு முன்னாலேயே மாவில் ஒரு பங்கை எடுத்துவைத்து, புது எண்ணெய் ஊற்றி, அவர்களுக்குத்தான் முதலில் சுட்டிருக்கிறார். தட்டுகளும் எங்கள் எவர்சில்வர் தட்டுகள்தான். ஒவ்வொன்றிலும் எங்கள் குடும்பத்தின் பெயர் போட்டு மகள் வாழ்த்துச் சீட்டு எழுதி ஒட்டினாள். வீடு வீடாகக் கொண்டுபோனது என் பிள்ளைகள். மாக்சிக் தன் கதவருகிலேயே நின்றுகொண்டாராம். தன் வீட்டுக்கும் ஒரு தட்டைக் கொண்டுவரச் சொல்லி, வாசலில் நின்று அதை வாங்கிக்கொண்டு, என் மகளிடம் "அம்மாவுக்கு நன்றி சொல்" என்றாராம். இதை எழுதும்போதே எனக்குக் கண் நிறைகிறது.

உங்களில் பலர் எனக்கு மெசேஜ் அனுப்பினீர்கள். இந்த நிலைமையிலும் பலகாரம் செய்து அனுப்பினாயே, உனக்கு எவ்வளவு மனத்தெம்பு என்று எழுதியிருந்தீர்கள். செய்தது நானில்லை, மாக்சிக். அவர் பெயர் ஒரு தட்டிலும் இல்லாததால், அதை எல்லாரும் அறியச் சொல்வது என் கடமை. அதனால்தான் இந்த மடலில் மாக்சிக்குக்கு முதல் இடம்.

இது எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்று இரவில் உட்கார்ந்து யோசித்தேன். கஷ்ட காலத்தில் எல்லாரும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வாங்கிக்கொள்கிறோம், கும்பிடுகிறோம். நாள் ஆக ஆக வாங்குகிற கை கூசத் தொடங்குகிறது. நாமும் இந்த மாடியில் ஒரு வீடு, நம்மிடமிருந்தும் நாலு பேருக்கு ஏதோ போகும் என்பதே மறந்துபோகிறது. மாக்சிக் எங்களுக்கென்று ஒரு டப்பா பலகாரம் கொண்டுவந்திருந்தால் அதையும் நான் கண்ணீரோடுதான் வாங்கியிருப்பேன். அவரோ கொடுக்கிற வீடாகவே எங்களை இருக்கவைத்தார். அந்த மரியாதையை வேறு எப்படியும் யாரும் எங்களுக்குத் தந்திருக்க முடியாது.

பிள்ளைகளிடம் அது உடனே தெரிந்தது. அதுவரை லிப்டில் யாராவது "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டால் சின்னவள் என் பின்னால் ஒளிந்துகொள்வாள். தட்டு கொடுத்துவிட்டு வந்த அன்று அவளே எனக்குப் போன் செய்து, எந்த வீட்டில் யார் என்ன சொன்னார்கள், எந்த வீட்டுப் பூனை வெளியே ஓடிவந்தது என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

மற்றவர்களைச் சேர்த்துச் சேர்த்துச் சொல்கிறேன், தனித்தனியாக எழுதினால் முடியாது.

மூன்றாம் மாடிக் குடும்பம் சின்னவளைத் தங்கள் பிள்ளைகளோடு நம் சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலைக்குக் கூட்டிப்போனது. அங்கே 1984ல் தொடங்கிய கிறிஸ்துமஸ் ஒளியூட்டை நான் என் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்து வளர்ந்தவள். என் மகளுக்கு இந்த வருஷம் அது தவறிவிடும் என்று ஒரு உறுத்தல் இருந்தது. அவள் பார்த்தது மட்டுமில்லை, இரட்சணிய சேனைக்காரர்கள் ஏழைகளுக்காக மணியடித்துக்கொண்டு நிற்பார்களே, அந்தச் சிவப்பு உண்டியலில் அப்பாவுக்காகத் தன் கைக்காசையும் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். மகன் வருஷா வருஷம் பாய்ஸ் பிரிகேட் என்ற கிறிஸ்தவ இளையர் அமைப்பின் பரிசுப் பகிர்வுக்குப் பொட்டலம் கட்டப் போவான். 1988 முதல் அவர்கள் நடத்தும் திட்டம் அது, வசதியில்லாத வீடுகளுக்கு உணவுப்பொருளும் அவர்கள் கேட்ட பரிசும் போகும். இந்த முறை அவன் போகவேண்டாம் என்று இருந்தான். அவன் நண்பனின் அம்மா காரில் வந்து, "வா தம்பி, கை வேலையாக இருந்தால் மனசு லேசாகும்" என்று கூட்டிப்போனார். அவர் சொன்னது சரி.

ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்துப் பாடகர் குழுவுக்கும், எங்களுக்காக வேண்டிக்கொண்ட ஒவ்வொருவருக்கும் நன்றி. 1888ல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டிய கோவில் அது. என் அம்மாவின் கல்யாணமும் என் கல்யாணமும் நடந்த இடம். இந்தக் கிறிஸ்துமஸுக்கு அங்கே வந்து நிற்க முடியவில்லை. நீங்கள் போனில் பாடியதை அவர் காதில் வைத்துக் கேட்டார், கடைசிப் பாட்டில் அவர் உதடும் அசைந்தது. அவரோடு வேலை செய்யும் தம்பிகள், வாரத்தில் கிடைப்பதே அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, அதையும் விட்டுவிட்டு விடுதியிலிருந்து பஸ் மாறி மாறி வந்து பார்த்தார்கள். சாப்பாடு கட்டிக் கொடுத்த அக்காக்கள், மழையில் துணி எடுத்துவைத்தவர்கள், எனக்கு லீவு கொடுத்துக் கணக்குப் பார்க்காத மேலதிகாரி, பண்டிகை நாளிலும் இரவு வேலையில் நின்ற தாதியர், டாக்டர்கள், வார்டைத் துடைக்க வரும்போதெல்லாம் "கவலைப்படாதேம்மா" என்று சொல்லிவிட்டுப் போன அந்த ஆன்ட்டி, எல்லாருக்கும் எங்கள் கும்பிடு.

இன்னும் சிலருக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. அவருக்கு ஏற்றிய ரத்தம் யாருடையது என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். டிசம்பர் பள்ளி விடுமுறை. ஊரில் பாதிப்பேர் வெளிநாடு போய்விடுவதால் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். மருத்துவமனையில் தேவை குறையாது. அப்படிப்பட்ட நேரத்தில் யாரோ சிலர், காசு எதுவும் வாங்காமல், கையை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். அவர்கள் சீனரோ, மலாய்க்காரரோ, தமிழரோ, அந்த ரத்தம்தான் இன்று உள்ளே தூங்குகிறவரின் உடம்பில் ஓடுகிறது.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இனி டிசம்பர் தோறும் ஆர்ச்சர்ட் சாலை விளக்குகளைப் பார்த்துக்கொண்டே பக்கத்து தோபி காட் வட்டாரம் வரை நடப்போம். அங்கே ரத்த வங்கியின் கிளை இருக்கிறது, பலகாரம் சுடுவதற்கு முன்னால் அங்கே போய்விட்டு வருவோம். எடை 45 கிலோவுக்குக் குறையாமல் இருந்து, உடம்பும் நன்றாக இருந்தால், 16 வயதிலிருந்தே கொடுக்கலாம். 16, 17 வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். மகன் கேட்டான், நான் சரி என்றுவிட்டேன். ஒரு முறை கொடுத்தால் 12 வாரம் கழித்துத்தான் மறுபடி கொடுக்க முடியும். ஆகவே டிசம்பரோடு நிறுத்திக்கொள்வதாகவும் இல்லை. கூட வர விரும்புகிறவர்கள் என்னிடம் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.

பார்க்க வர ஆசைப்படுகிறவர்களுக்கு: இன்னும் சில வாரம் வீட்டில் கூட்டம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசினால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும், சாயங்காலம் நாலு மணிக்குமேல் வாருங்கள். அச்சு மாக்சிக்கிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பெருநாளுக்கு அவர் சுடும்போது மாவு கரைக்க நான் போகிறேன். அப்புறம் ஒரு விஷயம். நீங்கள் ஒருவரும் எங்கள் தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பவில்லை. அதோடு வந்த டப்பாக்களில் இரண்டு மட்டும் யாருடையவை என்று தெரியவில்லை. ஒன்று நீல மூடி, இன்னொன்று பிஸ்கட் டின். உங்களுடையதானால் மகனிடம் சொல்லுங்கள், கொண்டுவந்து தருவான்.

நன்றியுடன்,
ஆறாம் மாடியிலிருந்து