மேடையில் வில்லாளர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் வன்னிப் பாடசாலைகளில், ஆங்கிலேயரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் நாடகம் போடாத வருசம் குறைவு. வில்லேந்திய பிள்ளைகள் முன்னுக்கு நின்று ஆளுக்கோர் அம்பு விடுவார்கள், எதிரி விழுவான், அவ்வளவுதான். அதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

வில்லாளர்கள் உண்மையில் எப்படிப் போரிட்டார்கள் என்பதற்கு, 1415இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய பிரான்சின் அஜின்கோர்ட் களத்தை எடுங்கள். ஆங்கிலேயப் படையில் பெரும்பாலானோர் நெடுவில் வீரர்கள். கூராகச் சீவிய தடிகளை முன்னால் சாய்த்து நட்டு, அவற்றின் காவலில் நின்று கூட்டமாக எய்தார்கள். கவசம் பூண்ட பிரெஞ்சுப் பிரபுக்களைவிட அவர்களின் குதிரைகள்தான் அதிகம் அடிபட்டன. வெருண்ட குதிரைகள் திரும்பி ஓடித் தங்கள் ஆட்களையே மிதித்தன. உழுத வயல், மழைச்சேறு வேறு. மாரியில் எங்கள் வயலில் இறங்கியவர்களுக்கு அது விளங்கும். அப்புறம் அதே வில்லாளர்கள் வில்லை வைத்துவிட்டு, வாளும் கோடரியுமாகச் சேற்றில் நின்றவர்கள்மேல் பாய்ந்தார்கள்.

வன்னிக் காட்டுக்குள் அப்படிக் கூட்டமாக எய்ய மரங்கள் விடாது. பதுங்கியிருந்து கிட்டத்தில் எய்தால்தான் பலன். மேலும், 1803இல் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டை பண்டாரவன்னியனிடம் வீழ்ந்தபோது துப்பாக்கியும் பீரங்கியும் வந்துவிட்டன. தமிழ்த்தினப் போட்டிக்கு நாடகம் பழக்கும் ஆசிரியர்கள் இவற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும்.

வாசகர்,
ஒட்டுசுட்டான்