நெட்டியில் தொடங்கியது

கொளச்சல்,
மே 20

அன்புள்ள செல்வி,

அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் செக்கப் நல்லபடியா முடிஞ்சதுன்னு நீ எழுதினதைப் படிச்ச பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உடன்பிறந்தவளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் 12 படுக்கையோட தொடங்கின ஆஸ்பத்திரி மக்கா அது. மறுவருஷம் வந்து சேர்ந்த சாந்தா டாக்டர், 2021-ல் கண்மூடுற வரை அந்த நோயாளிகளுக்காகவே வாழ்ந்தாங்க. அந்த முத்துலட்சுமியையே புதுக்கோட்டைக் கல்லூரியில், பொண்ணுன்னு திரைக்குப் பின்னால உட்காரவச்சுத்தான் பாடம் நடத்தினாங்களாம். அந்தத் திரை இன்னும் முழுசா விலகலைன்னு போன வாரம் தெரிஞ்சுது.

என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பிளஸ் டூவில் உயிரியலில் நல்ல மார்க். பயோடெக்னாலஜி படிக்கணும்னு ஒரே பிடிவாதம். அப்பா விசைப்படகில் போறவர். வீட்டுக்குப் போய்ப் பேசினேன். "ஒண்ணாந்தேதி தடைக்காலம் வருது டீச்சர், ரெண்டு மாசம் கரையில கெடக்கணும். இந்தப் படிப்பைப் படிச்சு இவ என்ன செய்யப் போறா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கு.

முற்றத்தில் வலைத்துண்டு விரிச்சு, கூறல் மீன் நெட்டி, அதான் மீன் வயித்துக்குள்ள இருக்கிற காத்துப்பை, காயவச்சிருந்தார். ஒண்ணை எடுத்து வெயிலில் பிடிச்சேன். தேன் நிறத்தில், அந்தப் பக்கம் நிக்குற தென்னை மங்கலா தெரியுற அளவுக்கு மெலிசு.

கிரண் மஜும்தார் ஷா கதையைச் சொன்னேன். பீர் தயாரிக்கிற படிப்பை ஆஸ்திரேலியாவில் முடிச்சுட்டு வந்தவங்களுக்கு, பொம்பளைன்னு சொல்லி இங்கே யாரும் பீர் ஆலையில் தலைமைத் தயாரிப்பாளர் வேலை கொடுக்கல. 1978-ல் பெங்களூரில் ஒரு கார் ஷெட்டில், 10,000 ரூபாய் முதல் போட்டு பயோகான் கம்பெனியைத் தொடங்கினாங்க. முதலில் செஞ்சது ரெண்டே சரக்கு. ஒண்ணு, பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கிற பப்பெய்ன். நம்ம அம்மாமார் ஆட்டுக்கறி வேக ஒரு துண்டு பச்சைப் பப்பாளி போடுவாங்களே, அதே வேலையைச் செய்யுற நொதி. இன்னொண்ணு, மீன் நெட்டியிலிருந்து எடுக்கிற ஐசிங்கிளாஸ். பீரைக் கலக்கி நிக்குற ஈஸ்ட்டைப் பிடிச்சு அடியில் படியவைக்கும். அந்தக் கம்பெனிதான் பின்னால வேறொரு ஈஸ்ட்டை வளர்த்து, மனுஷ இன்சுலினை அதிலேயே உண்டாக்கி, 2004-ல் கடைக்குக் கொண்டுவந்தது. சர்க்கரைக்கு ஊசி போடுற வீடு நம்ம தெருவிலேயே எத்தனை, சொல்லு!

"நெட்டியிலயா தொடங்கினாங்க?" ரெண்டு தடவை கேட்டார். பிறகு மகளைப் பார்த்து, "நீ ஏன் இதை எங்கிட்ட சொல்லல?" என்றார். அவளுக்கே அப்போதான் தெரியும்.

புத்தகத்தில் நொதி பாடம் இருக்கு, நெட்டி இல்லை. இருபத்தாறு வருஷமா அந்தப் பாடத்தை நடத்துறேன். இந்த முற்றத்தை ஒரு தடவைகூட வகுப்புக்குள்ளே கொண்டுவரலையேன்னு மனசு உறுத்துது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் முதல் வேலை அதுதான்.

வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிக்கிட்டு நாகர்கோவிலுக்கு விண்ணப்பம் போடப் போறேன். அப்பாவும் வர்றார். உன் மகள் படிச்ச முதல் வருஷப் புத்தகங்கள் பரணில் கிடந்தா அனுப்பிவை. மாத்திரையை நேரத்துக்குப் போடு.

உன்,
ரோஸ்