அப்பா மேடையேறினால் என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க ராப் பாடகர் நாஸின் 'மேஜிக் 3' ஆல்பத்துக்கு விமர்சனம் வெளியிட்டிருந்தீர்கள். "ஐம்பது வயதில் ராப் பாடுவது, காலேஜ் ஆண்டு விழாவில் அப்பா மேடையேறி ஆடுவது மாதிரி" என்று அதில் ஒரு வரி. படித்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் மீதியைப் படிக்க மனம் வந்தது.

அப்பா என்று எழுதியதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்குத் தெரியாதது இல்லை. 1994-ல் நாஸின் முதல் ஆல்பம் 'இல்மாட்டிக்' வந்தபோது அவருக்கு 20 வயது. அதில் ஒரு பாட்டின் முடிவில் டிரம்பெட் மாதிரியான கார்னெட்டை ஊதுவது அவருடைய அப்பா ஓலு டாரா. அன்றைக்கே அவர் ஐம்பதைத் தாண்டியவர். அந்த மனிதர் தன் பெயரில் முதல் ஆல்பம் போட்டது 1998-ல், 57 வயதில். அந்த வீட்டுப் பிள்ளையிடம் போய் வயதைச் சொல்லிக் காட்டலாமா?

'இல்மாட்டிக்'குக் கிடைத்த கிராமி விருதை வைத்தே இத்தனை வருடம் ஓட்டிவிட்டார் என்றும் விமர்சகர் எழுதியிருக்கிறார். ஐயா, அந்த ஆல்பத்துக்குக் கிராமி கிடைக்கவே இல்லை. எத்தனையோ முறை பட்டியலில் பெயர் வந்தும் கைக்கு வராத விருது, 2021 மார்ச்சில் 'கிங்ஸ் டிசீஸ்' ஆல்பத்துக்குத்தான் வந்தது. அப்போது அவருக்கு 47. தின்று கொழுத்த ராஜாக்களைப் பிடித்த கீல்வாதத்துக்கு அந்தக் காலத்தில் வைத்த பெயர்தான் 'கிங்ஸ் டிசீஸ்', ராஜா வியாதி. இருபது வயதுப் பையனுக்கு இப்படி ஒரு தலைப்பு தோன்றுமா? 2020 ஆகஸ்டிலிருந்து 2023 செப்டம்பர் வரை ஆறு ஆல்பம், எல்லாம் இசைத் தயாரிப்பாளர் ஹிட்-பாயோடு சேர்ந்து. 'இல்மாட்டிக்' வந்தபோது ஹிட்-பாய் ஆறு வயதுப் பையன். அந்த ஆறில் கடைசியானது 'மேஜிக் 3'. தன் ஐம்பதாவது பிறந்த நாளன்றே அதை வெளியிட்டார் நாஸ். வயதை மறைக்க நினைக்கிறவர் செய்கிற காரியமா அது?

நான் தாராவியில் பிறந்தவன். 17 வயதில் தோல் பை தைக்கும் கார்கானாவில் உட்கார்ந்தேன். இப்போது 46. 1996-ல் கப்பல் வேலைக்குப் போயிருந்த சித்தப்பா மகன் 'இல்மாட்டிக்' கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. கோடு போட்ட நோட்டில், காதில் விழுந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினேன். ஒரு வரிக்குப் பத்துத் தடவை பின்னால் ஓட்டுவேன். டேப் சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவேன். பாதி வார்த்தைக்குப் பொருள் தெரியாது. அவர் எங்கே மூச்சு விடுகிறார் என்பது மட்டும் தெரியும். அங்கே ஒரு புள்ளி வைப்பேன். பசை வாடை போகாத அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 'மேஜிக் 3' வந்த அன்று இரவும் அதே மாதிரி உட்கார்ந்து புள்ளி வைத்துப் பார்த்தேன். குரல் கனத்திருக்கிறது, பதற்றம் போயிருக்கிறது. அவ்வளவுதான். ஆள் அதே ஆள்.

எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். ஊர்க் கோயில் கொடையில் வில்லில் வீசுகோலைத் தட்டிக்கொண்டு விடிய விடியச் சுடலைமாடன் கதை சொன்ன புலவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். பின்பாட்டுக்காரர் வரிக்கு வரி 'ஆமா' போடுவார். இந்த வயதில் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் ஐயாவுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது தொண்ணூறைத் தாண்டியிருந்தார். தமிழ்ப் பத்திரிகைகள் எல்லாம் கொண்டாடின, சரியாகத்தான் செய்தன. 'மேஜிக் 3'-யில் நாஸும் உண்மைச் சம்பவம் என்று தலைப்பு வைத்து, இரண்டு பாட்டாகக் கதை சொல்லியிருக்கிறார். அவருக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்? ராப்பும் சேர்ந்த ஹிப் ஹாப் கலை பிறந்த நாளாகச் சொல்வது 1973 ஆகஸ்ட் 11-ஐ. நாஸ் பிறந்தது அதே வருடம் செப்டம்பர் 14. அந்தக் கலையோடு சேர்ந்தே வயதாகிற முதல் தலைமுறை இவர்கள்.

அந்த வரி எனக்கு ஏன் இவ்வளவு சுட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் கார்கானாவுக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. "உங்களுக்கு வயசாச்சு, சின்னப் பசங்க பாக்கட்டும்" என்றார் முதலாளி. அந்தப் பசங்களுக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். என் தையல் இன்றும் கோணாது.

உங்கள் பத்திரிகை மேலும் எனக்கு வருத்தம் உண்டு. மும்பைத் தமிழர் பக்கத்தை நிறுத்தினீர்கள். அது பற்றி இரண்டு கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. 2018-ல் தாராவிப் பையன்கள் ரஜினி படத்தில் ராப் பாடியபோது ஓடிவந்து எழுதினீர்கள். படம் போனதும் அவர்களையும் மறந்துவிட்டீர்கள். தாராவி என்றாலே சாக்கடைப் படம்தான் போடுவீர்கள். இங்கே அண்ணாச்சி கடைக்கு இதழ் நான்கு நாள் தாமதமாக வருகிறது. அப்படியும் 22 வருடமாகக் காத்திருந்து வாங்குகிறேன்.

அடுத்த இதழில் கிராமி விஷயத்தைத் திருத்தி இரண்டு வரி போடுங்கள். விமர்சனத்தில் இரண்டு இடத்தில் 'நாசு' என்று அச்சாகியிருக்கிறது. அதையும் 'நாஸ்' என்று திருத்துங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
தாராவி, மும்பை - 17