தட்டிப் பார்த்தேன், அப்பா

பீட்டர்பரோ, கனடா
அக்டோபர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? படகு வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னதை ஊட்டமலை முழுக்கச் சொல்லிவிட்டீர்களாம். அம்மா மூலம் தெரிந்தது. நான் வாங்கவில்லை, அப்பா. காரணத்தைப் போனில் சொன்னால் அரைகுறையாகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த ஊரைச் சுற்றி எங்கு திரும்பினாலும் ஏரிதான். அவற்றில் பலவற்றை இணைத்து 386 கிலோமீட்டருக்குப் படகு வழி ஓடுகிறது. ஊருக்குள்ளேயே 1904இல் திறந்த படகுத் தூக்கி ஒன்று இருக்கிறது. இரண்டு பெரிய தொட்டிகள். மேலே இருக்கும் தொட்டியில் ஓரடித் தண்ணீர் கூடுதலாக விட்டால் போதும், அந்தப் பாரத்தில் அது இறங்க, கீழே இருப்பது படகோடு 65 அடி எழும்பிவிடுகிறது. நீங்கள் பார்த்தால் சாப்பாட்டை மறந்து அங்கேயே நிற்பீர்கள். இங்கே பஸ் ஓட்டுகிறவர் வீட்டு வாசலிலும் டிரெய்லரில் ஒரு படகு நிற்கும்.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் 1987இல் செய்த பதினாறு அடி ஃபைபர் படகு இருக்கிறது. மனைவி இறந்த பிறகு ஆறு வருடமாக அவர் அதைத் தண்ணீரில் இறக்கவில்லை. "காசு வேண்டாம், எடுத்துக்கொள்" என்றார். உங்கள் பேரன் அன்று இரவு தூங்கவே இல்லை.

எனக்கும் ஆசைதான். உங்கள் பரிசலின் மூங்கில்தான் மக்கும், ஃபைபருக்கு அழிவில்லை என்று நினைத்திருந்தேன். ஃபைபர் கெடவில்லைதான், அப்பா. ஆனால் அதற்குள்ளே மரம் இருக்கிறது. மோட்டாரைத் தாங்கும் பின்பலகை, தரை, தரைக்கு அடியில் நீளவாட்டில் ஓடும் சட்டங்கள் எல்லாம் மரம். அவற்றுக்குமேல்தான் ஃபைபர் போர்த்தியிருக்கிறார்கள்.

பரிசலுக்குத் தார் பூசுவதற்கு முன் ஒவ்வொரு மூங்கில் பிளாச்சையும் விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பீர்களே, அப்படித்தான் நானும் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். பக்கங்களில் கணீரென்று ஒலித்தது. பின்பலகையின் கீழ்ப்பாதியில் தொப் என்றது. பெரியவரிடம் கேட்டுக்கொண்டு உள்பக்கமாகச் சின்னத் துளை ஒன்று போட்டேன். நல்ல மரமாக இருந்தால் வெளிறிய, காய்ந்த தூள் வரவேண்டும். வந்தது கறுப்பு. வடிகட்டிய காப்பித்தூள் போல ஈரச் சக்கை. துளையிலிருந்து தண்ணீரும் சொட்டியது. ஆறு வருடமாகத் தரையில், தார்ப்பாய்க்குள் நிற்கிற படகு!

என்றோ ஓர் ஏணியை மாட்டத் திருகாணி அடித்தவர்கள், துளையின் ஓரத்தை அடைக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்த வழியாக நீர் உள்ளே போயிருக்கிறது. இங்கே குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து பருத்து பிளைவுட்டை ஏடு ஏடாகப் பிரித்துவிடும். தரையில் மண்டியிட்டேன், முழங்கால் அமுங்கியது. அதற்கு அடியில் அடைத்திருந்த மஞ்சள் நுரையில் ஒரு துண்டைக் கிள்ளிப் பிழிந்தேன். இட்லித் துணியைப் பிழிவதுபோல் தண்ணீர் கொட்டியது.

பின்பலகை மட்டும் போயிருந்தால் எடுத்திருப்பேன். அது சில வார இறுதிகளில் முடிகிற வேலை. சட்டமும் தரையும் சேர்ந்து போனால் படகை வெறும் ஓடாக்கி, உள்ளே புதிதாகவே கட்டவேண்டும். பிளைவுட், ரெசின் என்கிற பிசின், கண்ணாடி இழைப் பாய் என்று கணக்குப் போட்டேன். பொருளுக்கு மட்டும் 2,000 டாலர் தாண்டியது. குளிர் பதினைந்து டிகிரிக்குக் கீழே போனால் ரெசின் சரியாக இறுகாது, ஆகவே மே மாதம்வரை கை வைக்கவும் முடியாது. வாடகை வீட்டில் அந்த நெடியை யார் பொறுப்பார்கள்? உங்கள் பரிசல் தேறாவிட்டால் மூங்கிலைப் பிரித்து அடுப்பில் வைத்துவிடுவோம். இதை எரிக்கவும் கூடாது, உருக்கவும் முடியாது. குப்பைக் கிடங்கில் போடுவதற்கும் நாம்தான் பணம் கட்டவேண்டும்.

பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். சொன்னபோது அவர் பின்பலகையைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு, "மோட்டாரையாவது பார்ப்போமா?" என்றார். பீப்பாயில் தண்ணீர் நிரப்பி மோட்டாரை அதில் இறக்கி, புதுப் பெட்ரோல் ஊற்றினோம். ஐந்தாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. மூன்று சிலிண்டரிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும், அப்பா. அதையும் டிரெய்லரையும் விற்றுத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

படகின் பெட்டிக்குள் நான்கு லைஃப் ஜாக்கெட்டுகள் கிடந்தன. படகில் எத்தனை பேரோ அத்தனை ஜாக்கெட் இருக்கவேண்டும் என்பது இங்கே சட்டம். அவற்றைப் பார்த்ததும் உங்கள் நினைவுதான் வந்தது. பயணிகள் எல்லோருக்கும் மாட்டிவிட்டு, துடுப்புப் போட இடைஞ்சல் என்று உங்களுடையதை மட்டும் பரிசலில் கழற்றிப் போட்டுவிடுகிறீர்கள். பிலிகுண்டுலுவில் காவிரி நீர்வரத்து கூடியது, பரிசலுக்குத் தடை என்று செய்தியில் படிக்கும் நாளில்தான் எனக்கு நிம்மதி.

துடுப்புப் போடுகிறவர்களுக்கென்றே தோள் பக்கம் அகலமாக வெட்டிய ஜாக்கெட் இங்கே கிடைக்கிறது. ஒன்று வாங்கிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் மார்பளவு 38 என்று அம்மா சொன்ன கணக்கு. போட்டுக்கொண்டு துடுப்பை நாலு முறை வீசிப் பாருங்கள். அக்குளில் உரசினால் எழுதுங்கள், மாற்றித் தருவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்